என்பது மாஸ்டர்

அந்தப் புத்தகத்தை மூடிப் பைக்குள் வையுங்கள், தம்பி. தண்ணீர் தெறிக்கும் என்று சொல்லவில்லை. நனைந்தால் நனையட்டும், இன்னும் முந்நூறு பிரதி என் வீட்டுக் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது. பின் அட்டையில் உள்ள படத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறீர்களே, அதற்காகச் சொன்னேன். ஆம், நான்தான் அது. படம் எடுத்தபோது மீசை இருந்தது. 'முரல்தீவு: வரலாறும் சின்னங்களும்', ஆக்கியோன் செ. நீக்கிலாப்பிள்ளை, வரலாற்று ஆசிரியர்.

இப்படி இருங்கள், எனக்கு எதிரே. நான் எப்போதும் ஊருக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவேன். கடல் எனக்கு ஒத்துக்கொள்ளாது. முன்பக்கம் பார்த்தால் வயிற்றைப் பிரட்டும். தீவில் பிறந்து வளர்ந்த ஐம்பத்தேழு வயதுக்காரனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஊர் சிரிக்காதா? சிரித்தது. இன்னும் சிரிக்கிறது. சிரிப்பதற்கு அந்த ஊருக்கு வேறு என்ன இருக்கிறது?

கையா? சமைக்கும்போது சுட்டுக்கொண்டது. தனி ஆள். ஆஸ்பத்திரியில் இரண்டு கைக்கும் கட்டுப் போட்டுவிட்டார்கள். அதை விடுங்கள்.

என் புத்தகத்தை அப்படியே இணையத்தில் போடப்போகிறீர்கள் என்று கடிதம் எழுதியிருந்தீர்கள். அனுமதி கேட்கத்தான் வருகிறீர்கள். போடலாம். ஆனால் பதினோராம் பக்கத்தில் ஒரு விஷயம் இருக்கிறது. அதைச் சரி செய்யாமல் போடக்கூடாது. காகிதத்தில் உள்ள பிழையைக் கறையான் தின்றுவிடும், நீங்கள் போடுகிற இடத்தில் கறையான் இல்லை. அதைச் சொல்லத்தான் கரையில் இரண்டு மணித்தியாலம் உங்களுக்காகக் காத்திருந்தேன். முதலில் ஊரைப் பற்றிச் சொல்கிறேன். ஊரைத் தெரியாமல் அந்தப் பக்கம் விளங்காது.

பின்னால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு வெற்றிலை மெல்லுகிறானே, அவன் மத்தேசு. இந்தப் பயணிகள் படகு அவனுடையது. முன்பு மீன்பிடித்தவன். நாம் பேசுவது எஞ்சின் சத்தத்தில் அவனுக்குக் கேட்காது. கேட்டாலும் விளங்காது.

பாருங்கள், 'கேக்குது மாஸ்டர்' என்கிறான். இதுதான் இந்த ஊர். வாயைத் திறந்தால் அவமதிப்பு.

சரி. சின்னங்கள். முதலில் இராணிக் கிணறு. புத்தகத்தில் நாலாம் பக்கம். 'இராணி ஒருவர் இத்தீவில் இறங்கி நீராடினார் என்பது மரபு' என்று எழுதியிருக்கிறேன். எந்த இராணியும் இறங்கவில்லை. இறங்குவதற்கு அங்கே என்ன இருக்கிறது, கருவாட்டு நாற்றமா? பிறகு விசாரித்தால் இராணி என்று ஒரு பெண், இராசேந்திரத்தின் மனைவி, அந்தக் கிணற்றில் யாரையும் தண்ணீர் அள்ள விடாமல் சண்டை பிடித்தவள். இப்போது கனடாவில் இருக்கிறாள். அவளைத்தான் வெள்ளைக்காரப் பெண்கள் இரண்டு பேர் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அவளை என்றால் அவளுடைய கிணற்றை.

அடுத்தது கோயில் மணி. ஒரு காலத்தில் பாரில் மோதி உடைந்த கப்பலின் மணி அது. பார் என்றால் கடலுக்கு அடியில் உள்ள கல்மேடு. எங்கள் தீவைச் சுற்றி வளையம் போட்டதுபோல் கிடக்கிறது. மணியில் 'கொர்னேலியா' என்று கப்பலின் பெயர் வெட்டியிருக்கிறது. எங்கள் சனம் என்ன செய்தது? புனித கொர்னேலியம்மாள் என்று நேர்த்தி வைக்கத் தொடங்கிவிட்டது. ஊரில் ஒன்பது பெண்பிள்ளைகளுக்கு அந்தப் பெயர். கப்பலின் பெயரைச் சூட்டிக்கொண்டு திரிகிறார்கள், தம்பி. வந்த பாதிரியார்கள் எல்லோருக்கும் சொல்லிப் பார்த்தேன். ஒருவர், 'விடுங்கோ மாஸ்டர், கேட்டதைக் குடுக்கிறா' என்று சிரித்தார்.

எனக்கு இந்த ஊர் வைத்த பட்டம் தெரியுமா? தெரிந்திருக்காது. மத்தேசுவைக் கேட்டால் சந்தோஷமாகச் சொல்வான். நானே சொல்கிறேன். 'என்பது மாஸ்டர்'. வகுப்பில் நான் எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு 'என்பது' போடுவேனாம். போடத்தான் வேண்டும். ஒரு செய்திக்கும் அதைச் சொல்கிறவனுக்கும் நடுவே ஒரு இடைவெளி வேண்டும். 'பேய் இருக்கிறது' என்று சொல்கிறவன் மூடன். 'பேய் இருக்கிறது என்பது மக்களின் நம்பிக்கை' என்று சொல்கிறவன் ஆசிரியன். இந்த ஒரு சொல்லை முப்பது வருடம் அந்த ஊருக்குப் படிப்பித்தேன். யாருக்கும் ஏறவில்லை. பட்டமாக மட்டும் ஏறியது.

இப்போது குட்டிச்சுவருக்கு வருவோம். பதினோராம் பக்கம்.

ஆம், அதன் பெயரே அதுதான். ஒரு ஊரின் மிகப் பழைய சின்னத்துக்குக் குட்டிச்சுவர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்றால் அந்த ஊரைப் பற்றி நான் வேறு என்ன சொல்ல? கரைக்கும் கோயிலுக்கும் நடுவே தனியாக நிற்கிறது. இருபது அடி நீளம், ஓர் ஆள் உயரம். ஒல்லாந்தர் காலத்துக் குதிரைலாயம் ஒன்றின் மிச்சம். அதை நான்தான் கண்டுபிடித்தேன். கல்லின் அளவு, சாந்து, எல்லாவற்றையும் பார்த்து எழுதினேன். அதற்கு முன் ஊருக்கு அது வெறும் சுவர். ஆடு கட்டுவார்கள்.

ஆடு கட்டினால்கூடப் பரவாயில்லை. வருடா வருடம் ஐப்பசி மாதத்தில், மாரி தொடங்கமுன், ஒவ்வொரு படகுக்கும் ஒரு வீட்டார் என்று சேர்ந்து அந்தச் சுவரின் கடல் பக்கத்துக்குச் சுண்ணாம்பு பூசுவார்கள். சிப்பியைச் சுட்டு நீற்றி, அதில் சுறா எண்ணெய் விட்டுக் குழைத்து, கையால் அப்புவார்கள். நாற்றம் ஒரு கிழமை நிற்கும். கடல் பக்கம் மட்டும்தான். ஊர்ப் பக்கம் கறுப்பாகப் பாசி பிடித்துக் கிடக்கும். ஊரைப் பார்த்திருக்கிற பக்கத்துக்கு ஒரு துளி சுண்ணாம்பு கிடையாது. எவ்வளவு மூளையற்ற வேலை என்று நான் நினைத்ததில் பிழை இருக்கிறதா? சொல்லுங்கள்.

சண்டைக் காலத்தில் ஊரோடு இடம்பெயர்ந்து போய், ஆறு வருடம் கழித்துத் திரும்பி வந்தோம். ஒரு வீட்டுக்கும் கூரை இல்லை. கிணற்றுக்குள் என்ன கிடக்கிறது என்று எட்டிப் பார்க்கப் பயம். வந்து இறங்கிய இரண்டாம் நாள் இந்தச் சனம் என்ன செய்தது தெரியுமா? சிப்பி பொறுக்கியது. தறப்பாளுக்குக் கீழே பிள்ளைகளைப் படுக்க வைத்துவிட்டு, பெண்கள் சுவருக்குச் சுண்ணாம்பு அப்பினார்கள். என் தங்கை பிலோமினா, வயிற்றில் பிள்ளையோடு, முழங்கை வரைக்கும் வெள்ளை. 'வீட்டுக்குக் கூரை இல்லை, சுவருக்கு வெள்ளையா?' என்று கேட்டேன். 'சுவர் இல்லாட்டி வீட்டுக்கு என்னெண்டு வாறது அண்ணை?' என்றாள். நான் சிரித்தேன். அன்றைக்குச் சிரித்தது நான்.

பிறகு பாரம்பரியச் சின்னங்கள் என்று ஒரு திட்டம் வந்தது. எங்கிருந்து வந்தது என்பதை விடுங்கள், எல்லாத் திட்டமும் வருகிற இடத்திலிருந்துதான். சிவப்புத் தொப்பி போட்ட நாலு பேர் வந்து, ஊரில் படித்தவர் யார் என்று கேட்டார்கள். என்னைக் காட்டினார்கள். பராமரிப்புக் குழு என்று ஒன்று போட்டு என்னைத் தலைவராக்கினார்கள். புத்தகம் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். வாழ்நாளில் முதல்முறையாக யாரோ நான் சொன்னதைக் குறித்துக்கொண்டார்கள், தம்பி. அது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

சுவரைப் பற்றிக் கூட்டம் வைத்தோம். கோயில் மண்டபத்தில். நான் சொன்னேன்: 'சுண்ணாம்புக்குக் கீழே இருப்பது சரித்திரம். அதைச் சுரண்டி எடுத்து, ஒல்லாந்தர் வைத்த கல்லை உலகத்துக்குக் காட்டவேண்டும். இனிமேல் யாரும் பூசக்கூடாது.'

இதோ, இந்த மத்தேசு எழும்பினான். 'மாஸ்டர், சுவர் வெள்ளையா இருந்தால்தான் கடலுக்குப் போனவை வீட்டை வருவினம்.'

'ஏன்?' என்று கேட்டேன்.

'ஏனெண்டால்... வெள்ளையா இருக்கோணும், அவ்வளவுதான்.'

'அதுதான் ஏன் என்று கேட்கிறேன்.'

'குருசு சுவரிலை குந்தோணும் மாஸ்டர். குருசு குந்தினால்தானே வாய்.'

மண்டபத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவராவது எனக்கு விளக்கினார்களா? கிடையாது. குருசு குந்துகிறதாம், வாயாம். தொப்பிக்காரர் என்னைப் பார்த்தார். நான், 'சமயம் சார்ந்த ஒரு பழமொழி' என்று சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டார். யாருக்கு விளங்கும், நீங்களே சொல்லுங்கள். உங்களுக்கு விளங்கியதா? இல்லைத்தானே?

பதினோராம் பக்கத்தில் நான் எழுதியது இதுதான். மனப்பாடம். 'சுவருக்கு வெள்ளையடித்தால் கடலுக்குப் போனவர் வீடு திரும்புவர் என்பது இவ்வூர் மீனவரின் மூடநம்பிக்கை.' அழகான வாக்கியம். ஒரு சொல் அதிகம் இல்லை. அதையே மூன்று மொழியில் பலகையில் எழுதிச் சுவருக்குப் பக்கத்தில் நட்டார்கள். கீழே, சுவரில் எதையும் பூசுவது தண்டனைக்குரிய குற்றம் என்று சிவப்பில் ஒரு வரி. எங்கள் சனத்துக்கு அந்தச் சிவப்பு வரி போதும். அத்தனை வருடம் காவலரண்களில் வரிசையில் நின்று அடையாள அட்டை காட்டிப் பழகிய சனம். பலகையில் நில் என்றால் நிற்கும்.

சுரண்டினார்கள். மூன்று நாள் எடுத்தது. அடுக்கடுக்காக வந்தது சுண்ணாம்பு, ஈரச்சாக்குப் போல. எத்தனை தலைமுறை அப்பினார்களோ! கடைசியில் கல் தெரிந்தது. சாம்பல் நிறக் கல். மணலும் அந்த நிறம், பின்னால் உள்ள பனைகளும் அந்த நிறம். எனக்குக் கண்ணீர் வந்தது, உண்மையாகச் சொல்கிறேன்.

பிலோமினாவின் புருஷன் சந்தியோகு வந்து என் பக்கத்தில் நின்றான். எதற்கெடுத்தாலும் பகிடி விடுகிற ஆள். கடலில் அவனைப் போல் ஒருத்தன் இல்லை என்பார்கள். எனக்கு அதைப் பற்றி என்ன தெரியும்? 'மச்சான், சுவருக்குச் சட்டையைக் கழட்டிப்போட்டியள்' என்றான். 'பாவம், மாரிக்கு நடுங்கப்போகுது.'

'சந்தியோகு, இது முந்நூறு வருடத்துச் சுவர். இத்தனை மாரி கண்டது.'

'அது கண்டது மச்சான். நாங்கள் அதைக் காணவேண்டாமோ?'

இதையும் பகிடி என்றுதான் எடுத்தேன். அவன் எப்போது பகிடி விடவில்லை? எந்தச் சொல்லைப் பகிடி என்று எடுப்பது, எதை எடுக்காமல் விடுவது? இதை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். அவன் ஒரு தரம் முகத்தைக் கொஞ்சம் இறுக்கி வைத்துச் சொல்லியிருந்தால்... சொல்லியிருந்தால் மட்டும் கேட்டிருப்பேனா? தெரியாது. விடுங்கள்.

முதல் வருட மாரியில் ஒன்றும் நடக்கவில்லை. போன படகு எல்லாம் திரும்பி வந்தது. மார்கழி நத்தார்ப் பூசைக்குப் பிறகு கோயில் வாசலில் நின்று நான் எல்லோருக்கும் சொல்லிக்காட்டினேன். 'பார்த்தீர்களா? வெள்ளையில்லாமலே வீட்டுக்கு வந்துவிட்டீர்கள்.' எல்லோரும் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். பதில் இல்லை என்று நினைத்தேன். கல்லிடுக்குகளில் கொஞ்சம் சுண்ணாம்பு மிச்சம் கிடந்ததாம், அது போதுமாக இருந்ததாம். இதைப் பிறகு மத்தேசு சொன்னான். பிறகு சொல்லி என்ன பிரயோசனம்?

இரண்டாம் வருடம், கார்த்திகை மாதம், பகல் நாலு மணி இருக்கும். வாடைக்காற்று. மழை ஒரு திரை மாதிரி இறங்கியது. நான் வீட்டுக்குள் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். சந்தியோகுவும் மத்தேசுவும் ஒரே படகில் வந்துகொண்டிருந்தார்கள். தண்ணீர் வற்றியிருந்த நேரம். பார் தண்ணீருக்கு ஒரு முழம் கீழே நின்றிருக்கும். அந்தப் பார் வளையத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் உடைப்பு இருக்கிறது. படகு நுழையக்கூடிய அகலம். அதற்குப் பெயர்தான் வாய்.

விளங்குகிறதா? எனக்கு ஐம்பத்தைந்து வயதில் விளங்கியது. கடலிலிருந்து வரும்போது தொலைவில் கோயில் உச்சிச் சிலுவை, அதாவது குருசு, தெரியும். அதற்குக் கீழே, கரையில், வெள்ளைச் சுவர் தெரியும். குருசு நேராகச் சுவரின் நடுவில் வந்து உட்காரும்வரை படகைத் திருப்பவேண்டும். உட்கார்ந்துவிட்டால் நேரே வரலாம், எதிரே வாய். குருசு குந்தினால் வாய். இவ்வளவுதான். ஒரு பழமொழியும் இல்லை, ஒரு சமயமும் இல்லை. தெருவில் இடப்பக்கம் திரும்பு என்று சொல்வதுபோல ஒரு வழி சொல்லியிருக்கிறார்கள். நான் முதுகைக் காட்டிக்கொண்டு ஐம்பத்தைந்து வருடம் அந்த வாய்க்குள்ளால் போய் வந்திருக்கிறேன்.

செத்தவீட்டில் மத்தேசுவைப் பிடித்தேன். ஆம், சந்தியோகுதான். படகு பாரில் மோதி உடைந்தது. மத்தேசு பாரைப் பிடித்துக்கொண்டு கிடந்து நீந்தி வந்துவிட்டான். சந்தியோகுவை மறுநாள் காலையில்தான் எடுத்தார்கள். கோபம் எனக்கு. 'கண்ணைத் திறந்து பார்த்து ஓட்டியிருக்கக்கூடாதா?' என்று கேட்டேன். கேட்டேன், தம்பி. சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று.

'பாத்தம் மாஸ்டர். குருசு தெரிஞ்சது. சுவர் இல்லை. குருசு எதிலை குந்தும்?'

'அந்தத் திசைகாட்டும் பெட்டி இருந்ததே! ஜி.பி.எஸ். நான்தானே மீனவர் சங்கத்துக்கு எழுதி வாங்கித் தந்தேன்?'

'தண்ணி பட்டு நிண்டுட்டுது.' பிறகு வெற்றிலையைத் துப்பிவிட்டு, 'சுவருக்குப் பற்றரி தேவையில்லை மாஸ்டர்' என்றான்.

இப்போது பின்னால் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான். முகத்தைப் பாருங்கள், கல் மாதிரி. என்னைத் திட்டவுமில்லை அவன். அதுதான் இந்தச் சனத்தின் திமிர். திட்டினால் நான் பதில் சொல்லுவேன் என்று தெரியும். எனக்குப் பதில் இருக்கிறது. மழையை நான் பெய்யவைத்தேனா? கடலை நான் வற்றவைத்தேனா? ஏன் என்று நான் கேட்டபோது ஏன் என்று சொல்லியிருக்கவேண்டுமா இல்லையா? ஒரு கூட்டத்தில் நாற்பது பேர் இருந்து, ஒருவருக்கும் ஒரு வாக்கியம் ஒழுங்காகச் சொல்ல வராவிட்டால் அது படிப்பித்தவனின் பிழையா?

படிப்பித்தவன் நான்தான். அந்த நாற்பது பேரில் இருபத்தைந்து பேருக்கு நான்தான் படிப்பித்தேன். அது வேறு.

பிலோமினா முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து நேரே என் வீட்டுக்கு வந்தாள். கையில் இந்தப் புத்தகம். அவள் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பதினோராம் பக்கத்தில் விரலை வைத்து, எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

'அண்ணை, இதிலை ஒரு துண்டை எடுக்கோணும்.'

'அச்சடித்த புத்தகத்தில் எப்படி எடுப்பது?'

'நீங்கள்தானே எழுதினது.'

'நான் எழுதியதில் என்ன பிழை?'

'பிழையெண்டு ஆர் சொன்னது? வெள்ளையடிச்சால் கடலுக்குப் போனவர் வீடு திரும்புவர். சரியாத்தானே எழுதியிருக்கிறியள். பிறகேன் ஒரு 'என்பது' போட்டனியள்? அதுக்குப் பிறகு கிடக்கிறதைத்தான் எடுக்கச் சொல்லுறன். அந்த மனுசன் செத்துப் போச்சுது. இனியும் மூடன் எண்டு பலகையிலை நிக்கவேணுமோ?'

நான் என்ன செய்தேன்? இலக்கணம் சொன்னேன். 'அது அவனை மட்டும் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னது. மூட என்பது நம்பிக்கைக்கு அடை' என்று சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். பதினெட்டு மாதம் ஆகிறது. ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் தினமும் மத்தியானம் சோறு வரும். வேலியில் ஓலை விலகிய பொட்டுக்குள்ளால் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு ஒரு தட்டுத் தட்டுவாள். பேச்சில்லை, சோறு மட்டும். நான் என்ன நாயா, தம்பி? சாப்பிடத்தான் செய்கிறேன். வேறு வழி? எனக்குச் சமைக்கத் தெரியாது.

ஆம், சமைக்கும்போது சுட்டது என்று சொன்னேன். கெட்டிக்காரர்தான் நீங்கள். இது சுண்ணாம்பு.

சட்டப்படி அந்தச் சுவரில் கை வைக்க உரிமை உள்ள ஒரே ஆள் பராமரிப்புக் குழுத் தலைவர். பலகைக்குப் பயந்து ஊர் கிட்டவும் போகாது. அதனால்தான் நான் பூசுகிறேன். வேறு காரணம் இல்லை. முதல் தரம் பட்டணத்தில் பொதியில் விற்கிற சுண்ணாம்பு வாங்கி, தண்ணீரில் கரைத்து, தூரிகையால் அடித்தேன். எல்லோரும் பூசைக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்து. ஒரு மழையில் கழுவிக்கொண்டு போயிற்று. மறுபடி அடித்தேன். மறுபடி போயிற்று. எண்ணெய் விடவேண்டும் என்று எனக்குத் தெரியும், என் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறேன். எவ்வளவு எண்ணெய் என்பது எழுதவில்லை. கேட்கவில்லை, அதனால் எழுதவில்லை. இப்போது போய்க் கேட்பதா? இவர்களிடமா?

அதைவிடக் கேவலம் ஒன்று நடந்தது. மூன்றாம் தரம் நான் அடித்து இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தால், என் வெள்ளைக்கு மேலே யாரோ அப்பியிருக்கிறார்கள். கையால். எண்ணெய் நாற்றம். விரல் தடம் அப்படியே தெரிகிறது. நான் செய்த வேலையை ஒரு சாட்டாக வைத்துக்கொண்டு, மாஸ்டர்தானே பூசினவர் என்று சொல்லலாமே, அதற்கு மேலே பூசிவிட்டார்கள். என் வேலையை அழித்துவிட்டார்கள். யார் என்று கண்டுபிடிக்கவில்லை. பிலோமினாவின் நகக்கண்ணில் வெள்ளை இருந்தது, கோப்பை நீட்டும்போது கண்டேன். கோழிக்கூட்டுக்கு அடித்திருப்பாள்.

அதனால் இந்த வருடம் நானே ஒழுங்காகச் செய்வது என்று சிப்பி பொறுக்கிச் சுட்டேன். சூளையிலிருந்து எடுத்துத் தண்ணீர் விட்டேன். அது கொதிக்கும் என்று யாருக்குத் தெரியும்? எல்லோருக்கும் தெரியுமாம். கையை விட்டுக் கலக்கினேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது இதோ, இவன். ஒரு மணித்தியாலமும் வெற்றிலையை மென்றுகொண்டு வந்தான். இறங்கும்போது மட்டும், 'அகப்பை எண்டு ஒரு சாமான் இருக்கு மாஸ்டர்' என்றான்.

சிரியுங்கள், பரவாயில்லை. அவனும் சிரிக்கிறான் பாருங்கள்.

எஞ்சின் சத்தம் குறைந்துவிட்டது, கேட்கிறதா? பாருக்கு வந்துவிட்டோம். நான் திரும்பமாட்டேன், எனக்குப் பிரட்டும். நீங்கள் முன்பக்கம் பார்த்துத்தானே இருக்கிறீர்கள். கோயில் தெரிகிறதா? குருசு? அதற்குக் கீழே, கரையில், வெள்ளையாக... தெரிகிறதா? நன்றாகத் தெரிகிறதா? நான் பூசியது பாதிதான். மிச்சம் பாதி கல்லாகவே கிடந்தது. முழுதும் வெள்ளையா? இந்த முனையிலிருந்து அந்த முனை வரையா? நீங்கள் சரியாகப் பார்த்துச் சொல்லுங்கள், நான் ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று நாளில் யார் பூசியிருப்பார்கள்?

சரி. குருசு எங்கே நிற்கிறது? வலப்பக்கமா? இன்னும் கொஞ்சம் வரட்டும். இப்போது? குந்திவிட்டதா?

குந்திவிட்டதா.

புத்தகத்தை எடுங்கள், தம்பி. பதினோராம் பக்கம். பேனை வைத்திருக்கிறீர்கள்தானே? என் கையால் பிடிக்க முடியாது, நீங்கள்தான் வெட்டவேண்டும். முதலில் 'மூட'வை மட்டும் வெட்டுவோம் என்று நினைத்திருந்தேன், நம்பிக்கை என்று நிற்கட்டும் என்று. அது போதாது. நம்பிக்கையும் இல்லை அது. 'திரும்புவர்' என்ற சொல்லை விடுங்கள். 'என்பது' தொடங்குகிற இடத்திலிருந்து கடைசிவரை ஒரு கோடு. அழுத்தமாக. நீங்கள் இணையத்தில் போடும்போது அந்தத் துண்டு இருக்கக்கூடாது. பலகையை நான் பார்த்துக்கொள்கிறேன். கை ஆறியதும் முதல் வேலை அதுதான்.

வெட்டியாயிற்றா? மிச்சம் என்ன நிற்கிறது, வாசியுங்கள்.

இன்னும் சத்தமாக. எஞ்சினை நிறுத்திவிட்டான், கரைக்குக் கேட்கும்.